கெய்ரோவில் பொலிஸ் மறைந்த இரவுகள்

கெய்ரோவின் அல் அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் புறப்படுவதற்கு முன் என்னைத் தேடி வருவதுண்டு. அவர்கள் கேட்பதெல்லாம் குளிர் உடுப்பு, வாடகை, பாஷை. கூட வரும் உம்மாமார்தான், போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, மனதில் கிடக்கும் கேள்வியை எடுப்பார்கள்: "அங்கே திரும்பவும் அப்படி ஏதும் வந்தால் பிள்ளை என்ன செய்யும் மகன்?" 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் நான் கெய்ரோவில் மாணவனாக இருந்தேன் என்பது ஏறாவூரில் பலருக்குத் தெரியும். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் அல்ல என்பதால் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜனாதிபதி முபாரக்கை இறக்கிய அந்த எகிப்தியப் புரட்சி என்றவுடன் எல்லோருக்கும் தஹ்ரீர் சதுக்கம் ஞாபகத்துக்கு வரும். நாங்கள் இருந்தது நஸ்ர் சிட்டியில், ஹய்யுல் ஆஷிர் எனப்படும் பத்தாம் வட்டாரத்தில். சதுக்கத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வாடகை குறைவு என்பதால் மலேசிய, இந்தோனேசிய, ஆபிரிக்க மாணவர்கள் அங்கே கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். இலங்கையர் சில வீடுகளில். கெய்ரோவின் பெரும்பாலான மக்கள் புரட்சி நீடித்த பதினெட்டு நாட்களையும் சதுக்கத்தில் கழிக்கவில்லை, தங்கள் தெருமுனையில் கழித்தார்கள். கமெராக்கள் அந்தப் பக்கம் வரவில்லை. வெளிநாட்டு மாணவன் ஒருவன் பிழைத்துக் கிடப்பதற்குத் தேவையான பாடம் முழுவதும் தெருமுனையில்தான் இருந்தது.

ஜனவரி 25 பொலிஸ் தினம், விடுமுறை. 1952 இல் அதே தேதியில் இஸ்மாயிலியாவில் ஆயுதத்தைக் கீழே வைக்க மறுத்த எகிப்தியப் பொலிஸ்காரர்களைப் பிரித்தானியப் படை கொன்றது, அதன் நினைவுநாள். பொலிஸின் பெருமைக்குரிய நாளையே பொலிஸுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்துக்குத் தேர்ந்ததில் எகிப்தியருக்கே உரிய குறும்பு இருந்தது. 2010 ஜூனில் அலெக்ஸாந்திரியாவில் காலித் ஸயீத் என்ற இளைஞர் பொலிஸாரால் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். அவர் பெயரில் தொடங்கிய பேஸ்புக் பக்கம்தான் அந்த நாளுக்கு அழைப்பு விடுத்தது. பதினொரு நாட்களுக்கு முன் துனிசியாவில் ஜனாதிபதி பின் அலி நாட்டைவிட்டு ஓடியிருந்தார். அதற்கும் முன், 2010 இறுதியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி ஏறக்குறைய எல்லா இடங்களையும் வாரிக்கொண்டது. அதை யாரும் நம்பவில்லை. முபாரக்குக்கு முன் ஜனாதிபதியாக இருந்த சாதாத் கொல்லப்பட்ட 1981 முதல் அவசரகாலச் சட்டம் ஒரு நாள்கூட நீங்கவில்லை.

இவற்றையெல்லாம் பேஸ்புக் புரட்சி என்று சுருக்கிச் சொல்வது எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. எங்கள் தெருவில் மானிய ரொட்டி விற்கும் கடை ஒன்று இருந்தது. ஒரு ரொட்டி ஐந்து பியாஸ்தர் (நூறு பியாஸ்தர் ஒரு பவுண்ட்). சுபஹுத் தொழுகை முடிந்து வரும்போதே வரிசை வளைந்து நிற்கும். 2008 இல் அப்படிப்பட்ட வரிசைகளில் அடிபட்டு ஆட்கள் செத்தார்கள். கடைசியில் இராணுவத்தின் பேக்கரிகளே ரொட்டி சுட்டுக் கொடுக்க வேண்டிவந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 6 இல் மஹல்லா அல் குப்ரா என்ற நெசவாலை நகரத்தில் தொழிலாளர் கிளர்ந்தார்கள். 2011 இல் கெய்ரோவில் முன்னால் நின்ற இளைஞர் அமைப்புகளில் ஒன்றுக்கு அந்தத் தேதியே பெயர். இன்னும் பின்னே போனால் 1977 ஜனவரி: சாதாத் உணவு மானியத்தை வெட்டினார், இரண்டு நாள் நாடு எரிந்தது, இராணுவத்தை இறக்கினார், பழைய விலைக்கும் திரும்பினார். பிற்பாடு நிலைத்த அந்த ஐந்து பியாஸ்தர் விலையில் 2024 ஜூன் வரை எந்த ஆட்சியும் கைவைக்கத் துணியவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். எங்களைப் போன்ற மாணவர்களுக்குத்தான் தெரியாது. ஒரு நாட்டுக்குப் போகிறவர்கள் அங்கே மக்கள் எதற்கு வரிசையில் நிற்கிறார்கள் என்பதை முதல் மாதத்திலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையைவிட அது அதிகம் சொல்லும்.

27ஆம் தேதி நள்ளிரவு கடந்ததும் இணையம் நின்றது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் கைத்தொலைபேசிகளும் செத்துப்போயின. அரையாண்டு விடுமுறை என்பதால் வகுப்பு இல்லை, எல்லோரும் அறைகளில். யார் எங்கே இருக்கிறார் என்று அறிய ஒரே வழி நடந்துபோய்க் கதவைத் தட்டுவது. ஜும்ஆவுக்குப் பிறகு நகரத்தின் நடுப்பக்கம் புகை எழுந்தது. தஹ்ரீருக்குப் போகும் கஸ்ர் அந்நீல் பாலத்தில் என்ன நடக்கிறது என்பதை அல் ஜஸீராவில் பார்த்தோம். இரவாகும்போது ஆளுங்கட்சியின் தலைமையகம் எரிந்துகொண்டிருந்தது. பொலிஸார் நகரம் முழுவதிலுமிருந்து காணாமல் போயிருந்தார்கள். சந்தியில் எப்போதும் நிற்கும் போக்குவரத்துக்காரர்கூட இல்லை.

அந்த நேரத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது வீட்டுக்காரர் எடுக்காமல் விட்டுப்போன பழைய தரைத் தொலைபேசி. வாடகையோடு அதன் கட்டணத்தையும் கட்டச் சொல்கிறாரே என்று நாங்கள் முணுமுணுத்த சாமான் அது. கைத்தொலைபேசி செத்த நாளில் தரைவழி இணைப்பு வேலை செய்தது. அதன் இலக்கம் ஊரில் இருந்ததால் உம்மாவால் எங்களை அழைக்க முடிந்தது. இலங்கையில் அந்த ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது. வடிந்து முடிவதற்குள் பெப்ரவரி தொடக்கத்தில் மறுபடியும் வந்தது. "டாங்கி ஓடுதாமே மகன்?" என்று உம்மா அங்கிருந்து அழ, "தண்ணீர் எந்த மட்டும் வந்திருக்கிறது?" என்று நான் இங்கிருந்து கத்த, இருவரும் மற்றவர் சொன்னதை நம்பவில்லை. காக்கா, என் அண்ணன், தொலைபேசியை வாங்கி, "நீ உன்னைப் பார்த்துக்கொள், இங்கே நாங்கள் மேட்டில்தான் இருக்கிறோம்" என்றார். மேடு என்று ஒன்று எங்கள் வளவில் கிடையாது.

ஆகவே உம்மாமாருக்கு முதல் பதில்: முக்கியமான இலக்கங்களை ஒரு தாளில் எழுதி, கடவுச்சீட்டின் பிரதியோடு உறையில் போட்டுப் பிள்ளையின் பெட்டியில் வையுங்கள். தூதரகம், வீட்டுக்காரர், ஒரே ஊரில் இருக்கும் மற்ற மாணவர்களின் வீட்டு முகவரி, ஊரில் இரண்டு பேர். முகவரி என்றால் கட்டட இலக்கமும் அருகில் இருக்கும் பள்ளிவாசலின் பெயரும். இலக்கம் மட்டும் சொல்லிக் கெய்ரோவில் ஒரு வீட்டையும் கண்டுபிடிக்க முடியாது.

அன்றிரவே ஊரடங்கு வந்தது. முதலில் மாலை ஆறு மணிக்கு என்றார்கள், மறுநாள் நான்கு மணி, பிறகு மூன்று. ஆறு மணி ஊரடங்கை எகிப்தியர் கண்டுகொள்ளவே இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். கிழக்கிலங்கையில் 1990 க்குப் பின் வளர்ந்த எங்களுக்கு அது திகைப்பாக இருந்தது. ஊரடங்கு என்றால் எங்களுக்குப் பழகிய சாமான். எங்கள் அறையில் இருந்த நால்வரும் யாரும் சொல்லாமலே வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒருவன் தண்ணீர் பிடித்து வைத்தான், ஒருவன் அரிசி, பருப்பு, சீனி, டின் மீனுக்குப் போனான். நான் எரிவாயு சிலிண்டர்காரரைத் தேடிப் போனேன். அவர் சாதாரண நாளில் சிலிண்டரில் சாவியால் தட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்; அந்த வாரம் அந்தச் சத்தமே இல்லை. பக்கத்துக் கட்டடத்து மாணவர் சிலர் இறைச்சி வாங்கிக் குளிர்பெட்டியை நிரப்பி வைத்திருந்தார்கள். எரிவாயு தீர்ந்ததும் எங்களிடம் கொண்டுவந்து சமைத்தார்கள். சாமான் வாங்கும்போது அதைச் சமைக்க எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று பார்த்து வாங்க வேண்டும். ஊறவைத்தால் போதும் என்கிற உணவு கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

காசும் அப்படித்தான். ஞாயிறு 30ஆம் தேதி திறக்க வேண்டிய வங்கிகள் பூட்டியே கிடந்து, அடுத்த ஞாயிறு பெப்ரவரி 6 இல்தான் திறந்தன. ஏ.டி.எம். இயந்திரங்கள் அதற்கு முன்பே காலி. ஊரிலிருந்து காசு அனுப்பினாலும் எடுக்க இடமில்லை. எங்களைக் காப்பாற்றியது சில்லறை. கெய்ரோக் கடைக்காரர் சாதாரண நாளிலேயே நூறு பவுண்ட் தாளைக் கண்டால் முகம் சுளிப்பார், கலவர நாளில் வாங்கவே மாட்டார். ஐந்தும் பத்துமாக ஒரு மாதச் சாப்பாட்டுக்கு உரிய காசை எப்போதும் அறையில் வைத்திருங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது அறையில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். தெருக்கடைக்காரரிடம் நல்ல பெயர் எடுத்து வைப்பது இன்னும் பெரிய சேமிப்பு. எங்கள் கடைக்காரர் கடன் குறிப்பை ஒரு ரொட்டிக் காகிதத்தில் எழுதி வைத்தார். வங்கி திறந்த பிறகு அந்தக் காகிதத்தைத் தேடி எடுக்க அவருக்கே அரை மணி நேரம் பிடித்தது.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

சனிக்கிழமை முதல் தெருக்காவல் தொடங்கியது. சிறைகள் உடைக்கப்பட்டுக் கைதிகள் தப்பிவிட்டார்கள், கடைத்தொகுதிகள் சூறையாடப்படுகின்றன என்று செய்தி. அரசுத் தொலைக்காட்சியில் பெண்கள் தொலைபேசியில் அழுதார்கள். எங்கள் கட்டடத்தின் காவலாளி தெற்கே இருக்கும் மேல் எகிப்தைச் சேர்ந்தவர். கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் குடும்பத்தோடு இருப்பவர். அவர் இரும்புக் குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு சந்தியில் போய் நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்கள் இறங்கினார்கள். தும்புத்தடியின் கைப்பிடி, சமையல் கத்தி, கிரிக்கெட் மட்டை ஒன்றுகூட வந்தது, அது எங்களுடையது. ஒவ்வொரு சந்தியிலும் பழைய கதவும் மரப்பெட்டியும் போட்டு வழி மறித்து, வரும் வாகனத்தை நிறுத்தி, அடையாள அட்டை பார்த்து, டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். கையில் வெள்ளைத் துணி கட்டியவர் நம்மவர். கடவுச்சொல் ஒவ்வொரு இரவும் மாறும். இரண்டு தெரு தள்ளிப்போனால் வேறு கடவுச்சொல்.

மாணவர்கள் அறையைவிட்டு வெளியே வரவேண்டாம் என்று எங்களுக்குள்ளேயே ஒரு பேச்சு இருந்தது. நாங்கள் இறங்கினோம். மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஹாஜ்ஜா மகன் இல்லாமல் பயந்து கிடந்தார். எங்களைப் பார்த்து, "மௌலானாமார் இருக்கிறீர்களா, இனி நான் தூங்குவேன்" என்றார். அஸ்ஹர் மாணவன் என்றால் பதினெட்டு வயதிலேயே மௌலானா பட்டம் கிடைத்துவிடும் ஊர் அது. தடியோடு முன்வரிசையில் நிற்கும்படி யாரும் எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் நிற்கவில்லை. தேநீர் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம், நெருப்புக்கு மரத்துண்டு சேர்த்தோம். முகம் தெரிந்தது. அதுதான் நடந்த நன்மை. அடுத்த வாரம் அது எவ்வளவு பெறுமதி என்று தெரிந்தது.

பெப்ரவரி 2 இல் குதிரையிலும் ஒட்டகத்திலும் ஏறிய கும்பல் சதுக்கத்தைத் தாக்கியது. அதே நாட்களில் அரசுத் தொலைக்காட்சி புதிய பாட்டொன்றைத் தொடங்கியது: இது வெளிநாட்டுச் சதி, சதுக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்நியர் பணமும் கெண்டக்கிக் கோழியும் கொடுக்கிறார்கள். சதுக்கத்தில் ரொட்டியும் அவரையும் தின்றுகொண்டிருந்தவர்கள் அதைக் காட்டி, "இதோ என் கெண்டக்கி" என்று சிரித்தார்கள். ஆனால் தெருவில் அது சிரிப்பாக இருக்கவில்லை. வெளிநாட்டு முகங்கள் நிறுத்தப்பட்டன, பத்திரிகையாளர்கள் அடிபட்டார்கள். எங்கள் அறைத் தோழன் ஒருவன் நான்கு தெரு தள்ளி மருந்துக் கடைக்குப் போனபோது காவல் நின்ற இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். கையில் கடவுச்சீட்டு இல்லை, கைத்தொலைபேசியில் தெருவைப் படம் எடுத்திருந்தான். எங்கள் கட்டடக் காவலாளி விஷயம் கேள்விப்பட்டு நடந்துபோய், அவன் தோளில் கைபோட்டு, "இவன் என் வீட்டுப் பிள்ளை" என்று கூட்டிக்கொண்டு வந்தார். தூதரகக் கடிதம் அந்த இடத்தில் எதற்கும் உதவியிருக்காது.

இதிலிருந்து நான் இன்றுவரை விடாமல் சொல்வது: கட்டடக் காவலாளிக்குச் சலாம் சொல்லுங்கள். பெருநாளைக்கு அவர் பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுங்கள். நடமாட்டத்தை உங்களை அறிந்தவர்கள் உள்ள தெருவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் அட்டையின் பிரதி சட்டைப் பையில் இருக்கட்டும். படம் எடுக்காதீர்கள், குறிப்பாக வீரர்களையும் சாவடிகளையும். அரசியல் கேட்டால், "உங்கள் நாட்டுக்கு அல்லாஹ் நல்லதைத் தரட்டும்" என்ற ஒரு வரியைப் பேச்சு வழக்கு அரபியில் பழகி வைத்திருங்கள். வகுப்பறை அரபியில் சொன்னால் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது.

வெளிநாட்டு மாணவனைச் சந்தேகப்படுவதற்கு அஸ்ஹரின் வரலாற்றில் நியாயமும் உண்டு என்று எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் கிண்டல் செய்வார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், எல்லோருக்கும் உஸ்தாத். 1798 ஒக்டோபரில் நெப்போலியனுக்கு எதிராகக் கெய்ரோ எழுந்தபோது அதன் மையம் அஸ்ஹர் பள்ளிவாசல். பிரெஞ்சுக்காரர் அதைப் பீரங்கியால் அடித்துக் குதிரைகளோடு உள்ளே நுழைந்தார்கள். 1800 இல் பிரெஞ்சுத் தளபதி கிளேபரைக் குத்திக் கொன்றவர் ஸுலைமான் அல் ஹலபி, அலெப்போவிலிருந்து வந்த அஸ்ஹர் மாணவர். "ஆகவே மௌலானா, உங்கள் அறையில் கத்தி எத்தனை?" என்பார் உஸ்தாத். வெங்காயம் வெட்ட இருந்த ஒன்றும் அப்போது சந்திக் காவலில்தான் இருந்தது.

இரவுக் காவலில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து அவரிடம் கேட்டதை ஐந்து வருட வகுப்பறையிலும் நான் கேட்கவில்லை. டாங்கிகள் எங்கள் பக்கத்துப் பிரதான வீதிக்கு வந்த அன்று சனம் கைதட்டி வரவேற்றது. "இராணுவமும் மக்களும் ஒரே கை" என்ற கோஷம். வீரனுக்குப் பூக் கொடுத்தார்கள், கைக்குழந்தையை டாங்கியின் மேல் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். சில டாங்கிகளின் பக்கவாட்டில் "முபாரக் ஒழிக" என்று எழுதியிருந்ததை வீரர்கள் அழிக்கவும் இல்லை. எங்கள் தெருப் பையன்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். நான் நடைபாதையில் நின்றேன்.

"ஏன் மௌலானா, ஏறவில்லையா?"

"எங்கள் ஊர்ப் பக்கத்தில் இராணுவ வண்டியில் ஏறியவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை, உஸ்தாத்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, இது கட்டாயச் சேவைப் படை, வீட்டுக்கு ஒரு பையன் அதில் இருக்கிறான், பெற்ற தாய்க்கு எதிராக எப்படித் துப்பாக்கியைத் திருப்புவான் என்றார். அன்றிரவு அவரே அதற்கு எதிர்வழக்கையும் பேசினார். 1805 இல் கெய்ரோ மக்கள் மார்க்க அறிஞர்களான உலமாக்களோடும் மக்கள் தலைவர் உமர் மக்ரமோடும் சேர்ந்து கோட்டையை முற்றுகையிட்டு உதுமானிய ஆளுநரை இறக்கினார்கள். தங்கள் கையாலேயே ஒரு படைத்தலைவரை ஏற்றினார்கள்: முஹம்மது அலி. நான்கே வருடத்தில் அவர் உமர் மக்ரமைத் தமியாத்தாவுக்கு நாடுகடத்தினார். உமர் மக்ரமின் சிலை இன்று தஹ்ரீர் சதுக்கத்தின் ஓரத்தில், அவர் பெயரிலான பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1952 ஜூலையில் சுதந்திர அதிகாரிகள் என்ற இராணுவ அதிகாரிகள் குழு மன்னர் ஃபாரூக்கை அனுப்பியது, நாடு கொண்டாடியது. அடுத்த மாதமே கஃப்ர் அத்தவ்வாரில் வேலைநிறுத்தம் செய்த நெசவாலைத் தொழிலாளரில் இருவரைத் தூக்குக்கு அனுப்பித் தீர்ப்பு வந்தது, செப்டெம்பரில் தூக்கினார்கள். இதையெல்லாம் விரல்விட்டு எண்ணியபிறகும் உஸ்தாத், "இந்த முறை வேறு" என்றார். வேறாக இருக்கும் என்று அவர் நம்ப விரும்பினார். அதற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இரவில் சந்தியில் நின்ற எல்லோருக்கும் அந்த நம்பிக்கை தேவைப்பட்டது.

நான் இலங்கையன் என்றதும் அவர் முதலில் கேட்டது உராபி பாஷாவைத்தான். 1881 செப்டெம்பரில் ஆபிதீன் மாளிகை முன் படையோடு நின்று எகிப்தை ஆண்ட கெதீவிடம் நாடாளுமன்றம் கேட்ட அதிகாரி. அடுத்த வருடம் தெல் அல் கபீரில் பிரித்தானியரிடம் தோற்று, 1883 ஜனவரியில் ஆறு தோழர்களோடு கொழும்புக்கு நாடுகடத்தப்பட்டார். 1901 வரை நம் நாட்டில்தான் இருந்தார், பிற்பகுதியில் கண்டியில். கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் தொடக்கத்துக்குத் துணைநின்றவர்களில் அவரும் ஒருவர். அறிஞர் சித்தி லெப்பையோடு சேர்ந்து செய்த வேலை அது. உஸ்தாதுக்கு ஸாஹிராவைத் தெரியாது, எனக்கு ஆபிதீன் மாளிகை முன் நடந்தது சரியாகத் தெரியாது. ஆளுக்குப் பாதியாக உராபியின் கதையைச் சொல்லி முடித்தோம். படைக்காரராக இருந்தும் மக்கள் பக்கம் நின்றவர் எகிப்தில் ஒருவராவது உண்டு என்பதற்கு அவரைத்தான் உஸ்தாத் சாட்சியாக வைத்திருந்தார். அவரும் தோற்றவர்தானே என்று நான் சொல்லவில்லை.

அதற்குள் மலேசியா தன் மாணவர்களை ஜித்தா வழியாக விமானங்களில் அள்ளிக்கொண்டு போயிருந்தது. எங்கள் தெருவில் பாதி ஜன்னல்கள் இருட்டு. போவதா இருப்பதா என்று நாங்களும் பேசினோம். விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். சாப்பாடு இல்லை, கழிப்பறை இல்லை. டிக்கெட் உறுதி இல்லாமல் விமான நிலையத்துக்குப் போவதைவிட ஆபத்தான முடிவு அந்த வாரத்தில் வேறு இல்லை என்பது என் எண்ணம். ஊரடங்கு நேரத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும், வழியில் முப்பது சாவடி, ஒவ்வொன்றிலும் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். அரசு விமானம் அனுப்பி, பெயர் பட்டியலில் இருந்து, வாகனமும் அவர்களே ஏற்பாடு செய்தால் போங்கள். இல்லாவிட்டால் தெருவைவிட்டு அசையாதீர்கள். உங்கள் தெருவே சண்டைக்களமாக மாறினால் அது வேறு கதை, எங்களுடையது மாறவில்லை.

சதுக்கத்துக்கு நானும் போனேன். பெப்ரவரி 8, ஊரடங்கு தளர்ந்த பிறகு. அதபா வரை மைக்ரோபஸ், அங்கிருந்து நடை. நுழைவாயிலில் இளைஞர்கள் உடல் சோதனை செய்து, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு உள்ளே விட்டார்கள். உள்ளே இருந்த நகைச்சுவையைத்தான் முதலில் சொல்வேன். "போய்விடப்பா, கை வலிக்கிறது" என்று எழுதிய பலகையை ஒருவர் தூக்கிப் பிடித்திருந்தார். முபாரக் மறுமைக்குப் போகிறாராம். அங்கே அவருக்கு முன் ஆண்ட நாஸரும் சாதாத்தும், "உனக்கு என்ன, விஷமா, மேடையில் துப்பாக்கியா?" என்று கேட்கிறார்களாம். "பேஸ்புக்" என்றாராம். தலைப்பாகை கட்டிய அஸ்ஹர் ஷெய்குமார் கூட்டத்தில் இருந்தார்கள். அஸ்ஹரின் பேச்சாளரே பதவியை விட்டுவிட்டு அங்கே வந்திருந்தார். 1919 இல் கிறிஸ்தவப் பாதிரியார் ஸர்ஜியூஸ் அஸ்ஹர் பள்ளிவாசலின் பிரசங்க மேடையான மிம்பரில் ஏறிப் பேசியதைச் சொல்லிச் சிலர் அழுதார்கள். இரண்டு நாளுக்கு முன் அதே சதுக்கத்தில் முஸ்லிம்கள் சுற்றி நிற்க ஞாயிறு பூசை நடந்திருந்தது.

ஆனால் முபாரக்கை அசைத்தது அந்தச் சதுக்கம் மட்டுமல்ல என்று நினைக்கிறேன். அந்த வாரம்தான் தொழிலாளர் இறங்கினார்கள். சூயஸ் கால்வாயின் துணை நிறுவனங்கள், மஹல்லா, ரயில்வே, கெய்ரோவின் பஸ் ஓட்டுநர்கள் என்று வேலைநிறுத்தம் பரவியது. சதுக்கத்தைச் சுற்றி வளைத்து வைக்கலாம், நாடு முழுவதும் வேலைக்குப் போகாவிட்டால் எதை வளைப்பது? 10ஆம் தேதி இரவு பதவி விலகமாட்டேன் என்றார். 11ஆம் தேதி மாலை மஃரிபுத் தொழுகை நேரத்துக்குச் சற்றுப் பின், துணை ஜனாதிபதி உமர் ஸுலைமான் அரை நிமிடம் பேசினார்: முபாரக் விலகினார், ஆட்சி இராணுவ உயர்சபையிடம். தெருவே தக்பீரிலும் கார் ஹார்னிலும் அதிர்ந்தது. ஹாஜ்ஜா படியில் உட்கார்ந்து எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். அந்தப் பதினெட்டு நாட்களில் குறைந்தது 846 பேர் இறந்ததாகப் பின்னர் அரசு நியமித்த விசாரணைக் குழு சொன்னது.

மறுநாள் இளைஞர்கள் சதுக்கத்தைக் கூட்டித் துப்புரவாக்கி, நடைபாதைக் கற்களுக்குப் பெயின்ட் அடித்து வீட்டுக்குப் போனார்கள். உலகமே பாராட்டியது. எனக்கு அந்தக் காட்சி மட்டும் உறுத்தியது: வீட்டைப் பெருக்கிச் சாவியை யாரிடமோ கொடுத்துவிட்டுப் போவது போல. மார்ச் 9 இல், ஒரு மாதம்கூட ஆகவில்லை, எஞ்சியிருந்தவர்களை இராணுவம் சதுக்கத்திலிருந்து இழுத்துச் சென்று எகிப்திய அருங்காட்சியக வளவுக்குள் வைத்துச் சித்திரவதை செய்தது. ஒக்டோபரில் அரசுத் தொலைக்காட்சிக் கட்டடம் இருக்கும் மஸ்பெரோவில் கவச வாகனங்கள் கிறிஸ்தவ ஊர்வலத்தின் மேல் ஏறின. 2013 ஜூலை 3 இல், வாக்களித்துத் தெரிவுசெய்த முர்ஸியை இராணுவம் இறக்கியபோதும் ஒரு பாதித் தெரு கைதட்டியது. ஓகஸ்ட் 14 இல் ராபிஆ, முர்ஸியின் ஆதரவாளர்கள் முகாமிட்டிருந்த சதுக்கம். அது எங்கள் பஸ் தினமும் கடந்து போகும் சந்தி. அந்த ஒரே நாளில் படையினரால் குறைந்தது 817 பேர் அங்கே கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் கணக்கிட்டது. நான் அப்போது ஊரில் இருந்தேன். உஸ்தாதின் இலக்கத்துக்கு எடுத்தேன். பேசினார், உடம்பு சுகம் என்றார், ராபிஆவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தொலைபேசியில் சொல்லக்கூடாத விஷயங்களின் பட்டியல் மறுபடியும் நீண்டுவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

2022 இல் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டிருந்த நம் பிள்ளைகளில் இரண்டு பேர் எகிப்தைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். தேநீர், துப்புரவு, நூலகம், நகைச்சுவை எல்லாம் தஹ்ரீரில் கண்டது மாதிரியே இருந்தது. ஜனாதிபதி போன பிறகு படை எந்தப் பக்கம் நிற்கும், யார் சொல்லி நிற்கும் என்பதை மட்டும் யோசித்து வையுங்கள் என்றேன். ஜூலை 21 இல் புதிய ஜனாதிபதி பதவியேற்றார். 22ஆம் தேதி விடியுமுன் படையினர் கூடாரங்களைப் பிடுங்கினார்கள்.

இன்றைக்குக் கெய்ரோ போகும் பிள்ளைக்கு மாறியிருப்பவற்றையும் சொல்ல வேண்டும். நான் இருந்த காலத்தில் டொலருக்கு ஆறு பவுண்டுக்கும் குறைவு, 2024 மார்ச்சில் நாணயத்தை மிதக்கவிட்ட பிறகு ஐம்பதை நெருங்கியது. வெளியிலிருந்து வரும் காசுக்கு அது வசதி, ஆனால் வீட்டுக்காரர் அதை உங்களுக்கு முன்பே கணக்குப் பார்த்திருப்பார். 2013 நவம்பர் முதல் அனுமதியில்லாத ஆர்ப்பாட்டம் சட்டப்படி குற்றம். ஜனவரி 25 நெருங்கும்போது நகரத்தின் நடுப்பகுதியில் பொலிஸார் ஆட்களை நிறுத்திக் கைத்தொலைபேசியைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வாரத்தில் தஹ்ரீர் பக்கம் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். போகத்தான் வேண்டுமென்றால், ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய எகிப்திய அரசியல் படங்களையும் பகிர்ந்த பதிவுகளையும் முதல்நாள் இரவே அழித்துவிட்டுப் போங்கள். தரைத் தொலைபேசி உள்ள வீடு கிடைத்தால், கட்டணத்தைப் பற்றி முணுமுணுக்காமல் எடுங்கள்.